'இது நடந்தால் நம்புவேன்': அந்த 'இது' எது?

விடைதேடி (கேள்வி)

வணக்கம். கடவுள் இல்லை என்பவர்களிடம் "எதைக் கண்டால் நம்புவீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வருகின்றன. ஒன்று, "வானத்தில் எழுத்து தோன்றட்டும், பார்க்கலாம்." இன்னொன்று, "எதைக் கண்டாலும் நம்பமாட்டேன், என் மூளைதான் பிசகிவிட்டது என்று நினைப்பேன்." முதலாவது ரொம்ப மலிவு. டிரோன்களை வரிசையாகப் பறக்கவிட்டு வானத்தில் எழுதுகிற காலம் இது. இரண்டாவது நேர்மையற்றது. எந்தச் சான்றுக்கும் அசையமாட்டேன் என்பவர், "சான்று எங்கே?" என்று எதிராளியை மடக்கும் தகுதியை இழக்கிறார்.

எனக்கு வேண்டியது, முன்கூட்டியே எழுதித் தேதி போட்டு வைக்கக்கூடிய ஒரு தாள்: இன்னது, இந்த நிபந்தனைகளோடு நடந்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன். அதில் என்ன எழுதலாம், எங்கே ஓட்டை விழும்?

'கடவுள்' என்று இங்கே சொல்வது உலகைப் படைத்த, எல்லாம் அறிந்த, எல்லாம் வல்ல, நல்லவரான ஒருவரை. எந்த மதத்தின் கடவுள் என்ற சண்டை இந்த இழையில் வேண்டாம்.

தராசுமுள்

அதிசயம் எவ்வளவு பெரியது என்பதை வைத்து இதை அளக்கக் கூடாது. அதே நிகழ்ச்சியை வேறு எந்த விளக்கத்தால் சொல்ல முடியும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். கணக்குப் போட்டால் தெளிவாகும்.

ஒரு நாத்திகர் 'கடவுள் இருந்து, இந்தச் சோதனைக்கு வந்து பதிலும் சொல்வார்' என்பதற்கு நூறு கோடியில் ஒன்று என்று வாய்ப்புத் தருவதாக வைத்துக்கொள்வோம். இயந்திரம் நாளை உருவாக்கப்போகும் 12 இலக்கச் சமவாய்ப்பு எண்ணை ஒருவர் "கடவுள் சொன்னார்" என்று இன்றே சொல்லிவிடுகிறார். குருட்டாம்போக்கில் அது சரியாக அமைய லட்சம் கோடியில் ஒரு வாய்ப்பு. ஆக, 'தற்செயல்' என்ற விளக்கத்தைக் கடவுள் என்ற விளக்கம் 1000-க்கு 1 என்று தோற்கடித்துவிடுகிறது. இதோடு நிறுத்திக்கொள்பவர்கள் "பார்த்தீர்களா!" என்பார்கள்.

மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார்: மோசடி. இயந்திரத்தை யாரோ முன்கூட்டியே வளைத்திருக்க வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுதான் என்று தாராளமாகக் குறைத்தே மதிப்பிடுங்கள். மோசடி நடந்திருந்தால் எண் சரியாக வருவது உறுதி. கடவுள் சொல்லியிருந்தாலும் உறுதி. எனவே இந்த இரண்டுக்கும் இடையிலான விகிதத்தை நிகழ்ச்சி துளியும் நகர்த்துவதில்லை. பழைய லட்சத்துக்கு ஒன்று அப்படியே மோசடியின் பக்கம் நிற்கிறது. 12 இலக்கத்தை 24 ஆக்கினாலும் 240 ஆக்கினாலும் இதே நிலைதான். அதிசயத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறவர்கள் சறுக்கும் இடம் இது.

எனவே தாளில் எழுத வேண்டியது, கடவுளால் முடிந்து மோசடிக்காரரால் முடியாத ஒன்று. நான் எழுதுவதாக இருந்தால் முதல் வரியாக நம் விண்மீன் மண்டலத்தில் வெடிக்கப்போகும் மீயொளிர் விண்மீனை, அதாவது சூப்பர்நோவாவை, எழுதுவேன். இவை நூற்றாண்டுக்கு ஒன்றிரண்டு நிகழலாம் என்பது மதிப்பீடு. வெறுங்கண்ணால் நம் மண்டலத்தில் கடைசியாகப் பார்த்தது 1604-ல். நூறு ஆண்டில் சுமார் 5.26 கோடி நிமிடங்கள். குறிப்பிட்ட ஒரு நிமிடத்தைச் சொல்லி அது பலிக்க ஏறத்தாழ 3 கோடியில் ஒரு வாய்ப்பு. 10,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது என்றால் அந்த ஒளி 10,000 ஆண்டுகளுக்கு முன்பே கிளம்பிவிட்டது. ஆய்வகத்துக்குள் புகுந்து அதைத் திருத்த மனிதர் எவராலும் ஆகாது. ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே, தென்துருவத்தின் ஐஸ்கியூப் ஆகிய இரு உணர்கருவிகளும் ஒரே நேரத்தில் நியூட்ரினோக்களை (விண்மீன் வெடிப்பில் வெளிப்படும் நுண்துகள்களை) பதிவு செய்து, தொலைநோக்கிகளும் அதையே காட்டினால் மோசடி என்ற விளக்கம் மூச்சுத் திணறும்.

முன்னறிவிப்பைப் பூட்டி வைக்கும் முறையிலும் கவனம் தேவை. வாசகத்தை எஸ்எச்ஏ-256 (வாசகத்தைத் திருப்பிப் பெற முடியாத குறியீட்டுச் சரமாக்கும் கணிப்பு முறை) வழியாக ஓட்டி, கிடைக்கும் 64 எழுத்துச் சரத்தை மட்டும் பொதுவில் வெளியிடுவது வழக்கம்; பின்னால் வாசகத்தைக் காட்டினால் யாரும் சரிபார்க்கலாம். இதில் இரண்டு ஓட்டைகள். வெறும் 12 இலக்க எண்ணைப் பூட்டினால் லட்சம் கோடிச் சாத்தியங்களையும் ஒரு நல்ல கிராஃபிக்ஸ் அட்டை சில நிமிடங்களில் ஓட்டிப் பார்த்து எண்ணைக் கண்டுபிடித்துவிடும். பிறகு இயந்திரத்தை அதற்கேற்ப வளைக்கலாம். அதனால் வாசகத்தோடு 32 பைட் அளவு சமவாய்ப்புச் சரம் ஒன்றைச் சேர்த்தே பூட்ட வேண்டும். இரண்டாவது ஓட்டை பழைய தந்திரம். 1024 பேருக்குக் கணிப்பு அனுப்புங்கள்: பாதிப் பேருக்கு 'ஏறும்', மீதிக்கு 'இறங்கும்'. தவறான பாதியை ஒவ்வொரு சுற்றிலும் கழற்றிவிட்டால் பத்தாவது சுற்றில் ஒரே ஒருவர் பத்துக்குப் பத்து சரியான கணிப்புகளைப் பார்த்திருப்பார். உங்களைத் தீர்க்கதரிசி என்று சத்தியம் செய்வார். ஆயிரம் பூட்டுகளை வெளியிட்டுப் பலித்ததை மட்டும் திறப்பதும் இதே கதைதான். ஒரே இடம், ஒரே பூட்டு, முன்பே அறிவித்த திறப்பு நாள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

சாட்சிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1748-ல் தத்துவ அறிஞர் ஹியூம், அதிசயம் நடந்தது என்பதைவிடச் சாட்சி பொய் என்பதே எப்போதும் எளிது என்ற பாணியில் வாதிட்டார். அதை மறுத்தவர்களில் ரிச்சர்ட் பிரைஸ் ஒருவர். கணித அறிஞர் பேயிசின் நிகழ்தகவுக் கட்டுரையை 1763-ல் வெளிக்கொண்டுவந்தவரும் அவரே. குலுக்கலில் இன்ன எண் விழுந்தது என்று செய்தித்தாள் சொன்னால், அந்த எண் விழும் வாய்ப்பு எவ்வளவு அற்பமானாலும் நம்பத்தானே செய்கிறோம்? இந்த விஷயத்தில் பிரைஸ் பக்கம்தான் நியாயம். ஒவ்வொருவரும் சான்றின் எடையைப் பத்து மடங்காக்கும் அளவுக்கு நம்பத்தக்க சாட்சிகள் ஒன்பது பேர் உண்மையிலேயே தனித்தனியாகச் சொன்னால் சான்றின் எடை நூறு கோடி மடங்கு. ஆனால் ஒன்பது பேரும் முதல் நாள் இரவு கூடிப் பேசியிருந்தால் அது ஒரே சாட்சி. பெருங்கூட்டம் கண்ட காட்சிகள் பெரும்பாலும் இங்கேதான் எடை இழக்கின்றன.

நோய்க்குறிப்பு

தராசுமுள் சொன்னதோடு உடன்பாடு. மருத்துவத்தில் இதை ஏற்கெனவே முயன்று பார்த்தார்கள், எப்படியெல்லாம் கெட்டுப்போகிறது என்பதைப் பார்ப்போம்.

பிறருக்காகச் செய்யும் பிரார்த்தனை பற்றிய சோதனைகளில் பெரிதும் பேசப்பட்டது 1988-ல் வெளியான ஒன்று. சான் பிரான்சிஸ்கோவில் இதயத் தீவிரச் சிகிச்சைப் பிரிவின் 393 நோயாளிகள். 192 பேருக்காகப் பிரார்த்தனை, 201 பேருக்கு இல்லை. அளந்த 26 விஷயங்களில் 6-ல் பிரார்த்தனைக் குழு மேல். கேட்கப் பிரமாதம்தான். ஆனால் தொடர்பற்ற 26 விஷயங்களை 5 சதவீத வரம்பில் அளந்தால், ஒன்றிலாவது வெறும் தற்செயலால் வேறுபாடு தெரியும் வாய்ப்பே சுமார் 74 சதவீதம். ஆறு என்பது அதைவிட அதிகம்தானே என்றால், அந்த ஆறும் தனித்தனி அல்ல. இதயச் செயலிழப்பு குறைந்தால் சிறுநீர் பிரிக்கும் மருந்தும் குறையும். நுரையீரல் அழற்சி குறைந்தால் ஆன்டிபயாடிக்கும் குறையும். ஒரே வேறுபாட்டை இரண்டு முறை எண்ணியிருக்கிறார்கள். இறப்பு விகிதத்திலோ மருத்துவமனையில் தங்கிய நாட்களிலோ பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

அடுத்தது 2006-ல் வெளியான பெரிய ஆய்வு: ஆறு மருத்துவமனைகள், பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1802 பேர், மூன்று குழுக்கள். அறுவைக்கு முந்தைய இரவில் தொடங்கி 14 நாட்கள் பிரார்த்தனை. எதை அளப்பது என்று முன்பே முடிவு செய்திருந்தார்கள்: 30 நாட்களுக்குள் வரும் சிக்கல்கள். தமக்காகப் பிரார்த்திக்கிறார்களா என்று தெரியாத இரு குழுக்களில், பிரார்த்தனை பெற்றவர்களில் 52 சதவீதத்தினருக்குச் சிக்கல், பெறாதவர்களில் 51. நிச்சயமாகப் பிரார்த்திக்கிறார்கள் என்று சொல்லப்பட்டவர்களில் 59. ("எனக்காக ஆள் வைத்துப் பிரார்த்திக்கும் அளவுக்கு நிலைமை மோசமா?" என்ற பதற்றமாக இருக்கலாம் என்றுகூடச் சிலர் கருதினார்கள்.)

இதை வைத்துக் கடவுள் இல்லை என்று முடிவுகட்டும் நாத்திகர்களுக்கும் ஒரு குட்டு. கட்டுப்பாட்டுக் குழுவில் இருந்தவர்களுக்காக அவர்கள் வீட்டார் பிரார்த்திப்பதை யார் தடுத்தது? மருந்துச் சோதனையில் கட்டுப்பாட்டுக் குழுவும் வீட்டிலிருந்து அதே மாத்திரையைக் கொண்டுவந்து விழுங்கினால் எப்படியோ அப்படி. அளவும் தெரியாது, தூய்மையான ஒப்பீட்டுக் குழுவும் கிடையாது. எனவே தாளில் பிரார்த்தனைச் சோதனையை எழுத வேண்டாம் என்பேன். எந்தப் பக்கத்துக்கும் அது ஒழுங்கான கருவி இல்லை.

குணமான நோய்கள்? பிரான்சின் கத்தோலிக்கப் புனிதத் தலமான லூர்து நகரில், குணமானோம் என்று 1858 முதல் குவிந்த எண்ணற்ற கூற்றுகளில் திருச்சபை அதிசயமாக ஏற்றவை 2018 வரை 70. அவர்கள் வைத்திருக்கும் வடிகட்டி உண்மையில் கடுமையானது: நோய் தீவிரமானதாக இருக்க வேண்டும், நோயறிதல் ஐயமற்றதாக, குணம் திடீரென்று, முழுமையாக, நிலைத்ததாக, சிகிச்சையால் விளக்க முடியாததாக இருக்க வேண்டும். இவ்வளவு வடிகட்டியும் எஞ்சுபவை பெரும்பாலும் தானாகவும் சில வேளை மாறக்கூடிய வகைகளாகவே இருக்கின்றன. புற்றுநோய்க் கட்டியே அரிதாகத் தானே சுருங்குவது மருத்துவ இதழ்களில் பதிவான விஷயம். லட்சக்கணக்கானோர் வந்துபோகும் இடத்தில் காக்கை உட்காரப் பனம்பழம் விழத்தான் செய்யும்.

வெட்டிய கால் மீண்டும் வளர்ந்தால் அது வேறு விஷயம். மனித உடலில் அது தானாக நடப்பதில்லை. அதற்கு என் நிபந்தனைகள்:

முதலில், நிகழ்ச்சிக்கு முன்பே ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மருத்துவமனைகளில் சிடி ஸ்கேன், இரு கைகளின் பத்து விரல் ரேகைகள், பல்லின் எக்ஸ்ரே, இரத்த மாதிரி ஆகியவற்றை எடுத்துப் பூட்டி வைத்திருக்க வேண்டும். பிறகு வளர்ந்த காலிலிருந்து திசு எடுத்து டிஎன்ஏ ஒப்பிட வேண்டும். டிஎன்ஏ மட்டும் போதாது. ஒரே கருவில் பிரிந்த இரட்டையர் ஆள்மாறாட்டம் செய்தால் வழக்கமான டிஎன்ஏ சோதனை காட்டிக்கொடுக்காது. ரேகை காட்டிக்கொடுக்கும், பல்லடைப்பும் காட்டிக்கொடுக்கும். இன்னொன்று பலருக்குத் தோன்றாது. 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 அளவு எகிறிப் பிறகு படிப்படியாக இறங்கியது. மூட்டுக் குருத்தெலும்பின் கொலாஜென் வளர்ந்த வயதுக்குப் பிறகு அவ்வளவாகப் புதுப்பிக்கப்படுவதில்லை. எனவே அதில் உள்ள கார்பன்-14 அது உருவான காலத்தைச் சொல்லும். 50 வயதுக்காரரின் இடது முழங்காலில் பழைய கார்பனும், வளர்ந்ததாகச் சொல்லும் வலது முழங்காலில் இந்த ஆண்டின் கார்பனும் இருந்தால் அது எந்த வித்தைக்காரராலும் ஆகாத காரியம். அது நிஜமாகவே புதுக் கால்.

மறுகரை

"கால் வளர்ந்ததாக யாரும் சொன்னதே இல்லை" என்று நாத்திகர்கள் அடிக்கடி சொல்வார்கள், அது தவறு. ஸ்பெயினின் கலாந்தா ஊரில் 1640-ல் அப்படி ஒரு கூற்று எழுந்து, சாட்சிகளை விசாரித்து, 1641-ல் சரகோசா பேராயர் அதிசயம் என்று தீர்ப்பளித்தார். விசாரணை ஆவணமே இருக்கிறது.

நான் ஆத்திகன். இழையின் கேள்வியிலேயே எனக்கு மாறுபாடு உண்டு. கடவுள் என்பது உலகத்துக்குள் இருக்கும் இன்னொரு பொருள் அல்ல, சூப்பர்நோவாவை வைத்துப் பிடிப்பதற்கு. உலகம் என்ற ஒன்று ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கு விடை அது. இருப்பதெல்லாம் வேறொன்றைச் சார்ந்து இருந்தால், எதையும் சாராத ஒன்று வேண்டும் என்பது தர்க்கம். அதற்குப் பரிசோதனைக்கூடம் தேவையில்லை. மனம் மாறிய நாத்திகர்களில் பெயர்பெற்ற தத்துவ அறிஞர் ஆண்டனி ஃப்ளூ எந்த அதிசயத்தையும் பார்த்து மாறவில்லை. 1950-ல் கண்ணுக்குத் தெரியாத தோட்டக்காரர் உவமையைச் சொல்லி, "எதனாலும் பொய்ப்பிக்க முடியாத கடவுளுக்கும் இல்லாத கடவுளுக்கும் என்ன வேறுபாடு?" என்று கேட்டவர் அவர். 2004-ல் தன் நிலையை மாற்றிக்கொண்டார். உயிரின் தோற்றம், டிஎன்ஏவின் சிக்கல் போன்றவையே அவர் சொன்ன காரணங்கள்.

தராசுமுள்

மறுகரை, கலாந்தா பற்றிச் சொன்னது சரியான திருத்தம். ஆனால் நோய்க்குறிப்பு கேட்டவற்றில் ஒன்றும் அங்கே இல்லை, இருக்கவும் முடியாது. நம்மிடம் இருப்பது சாட்சிகளின் வாக்குமூலம். கால் வெட்டப்படவே இல்லை, மடக்கிக் கட்டியிருந்தார் என்ற எதிர்விளக்கத்தை அந்தத் தாள்களை வைத்து இன்று உறுதி செய்யவும் முடியாது, தள்ளவும் முடியாது.

ஃப்ளூவைப் பொறுத்தவரை, அவர் போய்ச் சேர்ந்தது அரிஸ்டாட்டில் பாணிக் கடவுளிடம். மனிதர் விஷயத்தில் தலையிடாத, மறுமையும் தராத ஒன்று. விடைதேடி வரையறுத்த கடவுளுக்கு அது பாதி வழி.

எதையும் சாராத ஒன்று வேண்டும் என்ற உங்கள் சார்பு வாதம் எனக்கு இழிவானதாகப் படவில்லை. ஆனால் அதில் புதிதாக வரக்கூடிய சான்று எதுவும் இல்லை. உலகம் நேற்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. கேட்டவருக்குத் தேவை, நாளை நடக்கலாம் அல்லது நடக்காமல் போகலாம் என்ற வகை. இயற்பியல் மாறிலிகளின் துல்லியப் பொருத்தம் பற்றிய வாதத்துக்கும் இதே கதி. விண்மீன்களுக்குள் கார்பன் உருவாக வேண்டுமானால் அதன் அணுக்கருவில் 7.65 மெகா எலக்ட்ரான்வோல்ட் அருகே ஓர் ஆற்றல்நிலை இருந்தாக வேண்டும் என்று வானியலாளர் ஹாயில் 1953-ல் கணித்து, அது சோதனையில் கிடைத்தது அற்புதமான இயற்பியல். ஆனால் "இப்படி அமையும் வாய்ப்பு எவ்வளவு?" என்று கேட்டால், மாறிலிகள் எந்த வரம்பில், எந்தப் பரவலில் அமைந்திருக்கலாம் என்று யாரிடமும் அட்டவணை இல்லை. வகுக்கும் எண் தெரியாமல் விகிதம் சொல்ல முடியாது.

விடைதேடி

நன்றி, எதிர்பார்த்ததைவிடக் கறாரான பதில்கள். இரண்டு சந்தேகங்கள். ஒன்று: வெளியே எதுவும் நடக்காமல், ஒருவருக்கு உள்ளுக்குள் அசைக்க முடியாத அனுபவம் கிடைத்தால்? இரண்டு: சூப்பர்நோவா, கால் எல்லாம் நடந்தே விட்டது என்று வைப்போம். அதிலிருந்து 'எல்லாம் வல்ல, நல்ல' என்பதற்கு எப்படிப் போவது?

நோய்க்குறிப்பு

முதலாவதற்கு நான். உறுதியாக உணர்வது என்பதே மூளை தயாரிக்கும் ஒன்று. 1962-ல் பாஸ்டனில் இறையியல் மாணவர்கள் 20 பேரில் பாதிப் பேருக்கு சைலோசைபின் (மாயத்தோற்றம் தரும் மருந்து) கொடுத்து வழிபாட்டில் உட்கார வைத்தார்கள். மருந்து பெற்றவர்களில் பெரும்பாலோர் ஆழ்ந்த மறையனுபவத்தை விவரித்தார்கள். இதனால் அனுபவம் பொய் என்றாகாது. ஆனால் மாத்திரையாலும் வரக்கூடிய உறுதியை மட்டும் வைத்து, அது எங்கிருந்து வந்தது என்று பிரித்தறிய முடியாது. உள் அனுபவம் சான்றாக வேண்டுமென்றால் அதிலிருந்து வெளியே சரிபார்க்கக்கூடிய தகவல் வர வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கும் ஒரு முயற்சி நடந்தது. இதயம் நின்று மீண்டவர்கள் மேலிருந்து தங்கள் உடலைப் பார்த்ததாகச் சொல்கிறார்களே, அப்படியானால் கூரையருகே, மேலிருந்து மட்டும் தெரியும்படி படங்கள் வைத்த தட்டுகளை அமைப்போம் என்று 15 மருத்துவமனைகளில் செய்தார்கள். முடிவு 2014-ல் வந்தது. இதயம் நின்றுபோன 2060 நிகழ்வுகள். உயிர்பிழைத்து முழு நேர்காணலும் முடித்தவர்கள் 101 பேர்தான். பார்த்ததாகவும் கேட்டதாகவும் தெளிவாக விவரித்தவர்கள் இருவர். இருவருக்கும் இதயம் நின்றது தட்டு இல்லாத அறைகளில். நான்கில் மூன்றுக்கு மேற்பட்ட நிகழ்வுகள் தட்டில்லாத இடங்களிலேயே நடந்தன. மறுபடி செய்பவர்கள் தட்டைச் சுவரில் மாட்டாமல், மின்னதிர்வுக் கருவியை உருட்டிவரும் வண்டியின் உச்சியிலேயே பொருத்துவது நல்லது. படத்தையும் கருவியே அந்தக் கணத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும், அறையில் ஒருவருக்கும் தெரியாமல்.

தராசுமுள்

இரண்டாவது கேள்விதான் கடினமானது. நிதானமாகப் படிக்கவும்.

எந்த முடிவுள்ள செயலும் முடிவற்ற ஆற்றலை நிரூபிக்காது. கால் வளர்ந்தால், கால் வளர்க்கத் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்றாகும். நம்மைவிடப் பத்தாயிரம் ஆண்டு முன்னேறிய வேற்றுக்கிரக மருத்துவருக்கும் அது கைவரலாம். கணக்கை வைத்து முயலலாம். 2-ஐ 2-இன் 20ஆம் அடுக்கு தடவை பெருக்கி 1 கூட்டினால் வருவது இருபதாம் ஃபெர்மா எண்; 3,15,653 இலக்கம். அது பகு எண் என்று 1980களிலேயே நிரூபித்தாயிற்று, ஆனால் இன்றுவரை ஒரு காரணிகூடக் கிடைக்கவில்லை. யாரேனும் அதன் காரணிகள் முழுவதையும் தந்தால் பெருக்கிப் பார்த்துச் சரிபார்க்கக் கணினிக்கு அதிக நேரம் ஆகாது. (மறைக்குறியாக்கத்துக்காக மனிதர் உருவாக்கிய பெரிய எண்களை எடுக்காதீர்கள், உருவாக்கியவருக்கு விடை தெரிந்திருக்கலாம். ஃபெர்மா எண்ணை யாரும் 'உருவாக்கவில்லை'.) ஆனாலும் இது காட்டுவது பெருங்கணிப்புத் திறனை மட்டும். எந்தக் கணினியாலும் தீர்க்க முடியாத கணக்கைத் தீர்த்துக் காட்டட்டும் என்றால், முழு விடையும் சரிதானா என்று நம்மால் சரிபார்க்க முடியாது. கதவு இரு பக்கமும் பூட்டியிருக்கிறது.

'நல்ல' என்பது இன்னும் மோசம். இவ்வளவும் செய்ய வல்லவர் பொய் சொல்லவும் வல்லவர். அவர் நல்லவர் என்பதற்கு அவர் வாக்குமூலம் செல்லாது, நடத்தை மட்டுமே செல்லும், அதுவும் நீண்ட கால நடத்தை.

ஆகவே தாளில் ஒரே கட்டம் வைக்காமல் படிகளாகப் பிரியுங்கள். 'மனிதரல்லாத பேரறிவு ஒன்று உண்டு' என்பதற்குச் சான்று கேட்பது சாத்தியம். 'அது இயற்கை விதிகளையே மாற்ற வல்லது' என்பதற்கும் ஓரளவு சாத்தியம்: முன்பே அறிவித்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் ஓர் அடிப்படை மாறிலியின் மதிப்பு உலகின் எல்லா ஆய்வகங்களிலும் ஒரே அளவு விலகித் திரும்பினால் போதும். 'எல்லாம் வல்லது', 'முழுக்க நல்லது' என்ற படிகளில் சான்று நின்றுபோய் நம்பிக்கை தொடங்கும். அங்கே ஏறுவதா வேண்டாமா என்பது வேறு வகை முடிவு.

மறுகரை

அந்தக் கடைசிப் படியைத்தான் நான் முதலிலிருந்தே சொல்கிறேன். ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: எல்லாம் அறிந்தவர் என்றால் எது விடைதேடியை மாற்றும் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும். தாள் எழுதும் வேலையே தேவையில்லை.

தராசுமுள்

அதைத் திருப்பிப் போட்டால் உங்களுக்கு எதிரான வாதமாகிறது, கவனியுங்கள். தெரிந்தும் தரவில்லை என்றால் ஏன்? 1993 முதல் தத்துவ அறிஞர் ஷெல்லன்பர்க் இதையே மறைந்திருக்கும் கடவுள் பற்றிய வாதமாக வளர்த்திருக்கிறார். "கட்டாயப்படுத்தாமல் விட்டிருக்கிறார்" என்ற பதில் பாதிதான் ஒட்டும். இருக்கிறார் என்று தெரிந்துகொள்வதும் அவரிடம் சரணடைவதும் ஒன்றல்லவே. முதலாவது தெரிந்த பிறகும் இரண்டாவதை மறுக்கும் சுதந்திரம் இருக்கும். இதற்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

விடைதேடி

தாளின் முதல் வரியை இப்படி எழுதியிருக்கிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்: "நம் விண்மீன் மண்டலத்தில் சூப்பர்நோவா ஒன்று தோன்றும் நாளையும் நிமிடத்தையும் குறைந்தது ஓராண்டுக்கு முன் ஒரே பூட்டாக வெளியிட்டு, அது பலித்தால், முதல் படியை ஏற்பேன்."

தராசுமுள்

மூன்று திருத்தங்கள். 'தோன்றும்' என்பது எது? 1987-ல் பக்கத்து மண்டலத்தில் வெடித்ததன் நியூட்ரினோக்கள் ஒளிக்குச் சுமார் மூன்று மணி நேரம் முன்பே வந்தன. எனவே "நியூட்ரினோ வெடிப்பின் முதல் பதிவு, உலகப் பொது நேரப்படி" என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் பலித்ததா இல்லையா என்று மூன்று மணி நேர இடைவெளியை வைத்து முப்பது வருடம் சண்டை போடலாம். அடுத்து, எந்த விண்மீன் என்பதையும் வானத்து ஆயங்களோடு பூட்டுக்குள் சேர்க்கச் சொல்லுங்கள். திருவாதிரை விண்மீன் போல எப்படியும் வெடிக்கப்போகிறது என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒன்றாக அது இருக்கக் கூடாது. கடைசியாக, வெள்ளைக் குறுமீன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்) வெடிக்கும் வகைகளில் நியூட்ரினோ மிகக் குறைவு, நம் கருவிகளில் சிக்காமலே போகலாம். "மையம் சரிந்து வெடிக்கும் வகை" என்று குறிப்பிட்டுவிடுங்கள்.